எட்டாம் லெவலுக்குப் பக்கத்தில் ஒன்றாம் லெவல்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து கூட்டாகக் கதையாடும் விளையாட்டுகளில் ஒரு பழைய வழக்கு தீராமல் இருக்கிறது. ஐந்து பேர் ஓராண்டாக ஆடிவருகிறார்கள். அவர்களுடைய பாத்திரங்கள் எட்டாம் லெவலுக்கு ஏறிவிட்டன. இப்போது ஆறாவதாக ஒருவர் வந்து சேருகிறார். அவருடைய பாத்திரம் ஒன்றாம் லெவலில் தொடங்க வேண்டுமா, மற்றவர்களைப் போல எட்டாம் லெவலிலேயே தொடங்கலாமா?

“கஷ்டப்பட்டு ஏறியவர்களுக்கும் இன்று வந்தவருக்கும் ஒரே இடமா?” என்று கேட்கிறது ஒரு கட்சி. “பலமில்லாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்கச் சொல்வதற்குப் பேர் விளையாட்டா?” என்று கேட்கிறது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரு கட்சியாருமே மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பாத்திரத்தின் பலம் ஒன்று. ஆடுபவரின் அனுபவம் இன்னொன்று. கதையில் ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு மூன்றாவது. இவற்றைப் பிரித்து வைத்துப் பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். மீதிக்கு விடை தேட நாம் வெளிநாட்டு நூல்களோடு நிற்க வேண்டியதில்லை. உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்து இந்தச் சிக்கலைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வருகிறது.

விளையாட்டு நடக்கும் விதம்

அறியாத வாசகருக்காக முதலில் விளையாட்டைச் சொல்லிவிடலாம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. இதில் ஒருவர் கதையை நடத்துகிறார். காடு, கோட்டை, எதிரி, வழியில் சந்திக்கும் கிழவி என்று உலகம் முழுவதையும் அவர்தான் வாய்மொழியாக எடுத்துவைக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டு திறக்கத் தெரிந்த திருடன். “நான் மதில் ஏறுகிறேன்”, “நான் காவலனிடம் பேச்சுக் கொடுக்கிறேன்” என்று அவரவர் செய்வதைச் சொல்ல, கதை நகர்கிறது. நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டி முடிவு செய்கிறார்கள். இன்று விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடங்கி, மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நீளும் கதைக்குக் கேம்பெயின் என்று பெயர்.

சாகசங்களில் ஈடுபடும் பாத்திரத்துக்கு அனுபவப் புள்ளிகள் சேரும். குறிப்பிட்ட அளவு சேர்ந்தால் ஒரு லெவல் ஏறும். ஏறினால் உயிர்ப் புள்ளி கூடும், புதிய திறமைகள் வரும். இன்று பரவலாக ஆடப்படும் ஐந்தாம் பதிப்பில் மொத்தம் 20 லெவல்கள்.

ஒரே மேசையில் லெவல்கள் ஏறுக்குமாறாவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. புதிதாக ஒருவர் வருவார். ஒருவருடைய பாத்திரம் செத்துப்போய் இன்னொன்றை உருவாக்குவார். ஒருவர் பரீட்சைக்காக இரண்டு மாதம் வராமல் போவார். இவை எதுவும் இல்லாவிட்டாலும்கூட, 1974-ன் விதிகளே சமமின்மையை உள்ளே வைத்திருந்தன. இரண்டாம் லெவலுக்கு ஏற போர்வீரனுக்கு 2,000 புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். பின்னால் வந்து சேர்ந்த திருடனுக்கு 1,200-லேயே ஏற்றம். ஒரே நாளில் தொடங்கி ஒரே அளவு புள்ளி வாங்கிய மூவரும் ஒரே லெவலில் இருக்க மாட்டார்கள். எல்லோரும் ஒரே லெவலில் இருப்பதுதான் இந்த விளையாட்டின் இயல்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பிறப்பிலேயே அப்படியொரு விதி இல்லை.

பின்தங்கியவர் எட்டிப் பிடிக்கும் கணக்கு

பழைய விதியை வகுத்தவர்கள் புதியவரைக் கைவிட்டுவிடவும் இல்லை. போர்வீரனுக்கான அட்டவணையைப் பாருங்கள்: 2,000, 4,000, 8,000, 16,000, 32,000, 64,000. ஒவ்வொரு லெவலுக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு. 32,000 புள்ளியோடு ஆறாம் லெவலில் இருக்கும் ஒரு வீரனோடு ஒன்றாம் லெவல் வீரன் ஒருவன் சேருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பதை இருவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மூத்தவன் இன்னும் 32,000 சம்பாதித்து 64,000-ஐத் தொட்டு ஏழாம் லெவலுக்கு வரும் நாளில், இளையவன் 32,000-ல், அதாவது ஆறாம் லெவலில், நிற்பான். மூத்தவன் ஒரு லெவல் ஏறுவதற்குள் இளையவன் ஐந்து லெவல் ஏறிவிடுகிறான்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் தொடக்க லெவல்களில் இதே போக்கு உண்டு. ஐந்தாம் லெவலுக்கு 6,500 புள்ளி, ஆறாம் லெவலுக்கு 14,000. மூத்தவர்கள் ஐந்தாம் லெவலில் கால்வைத்த அன்று ஒருவர் ஒன்றாம் லெவலில் சேர்ந்தால், அவர் 6,500 சேர்த்து ஐந்தாம் லெவலுக்கு வரும்போது மூத்தவர்களிடம் 13,000 இருக்கும். அவர்களும் ஐந்திலேயே இருப்பார்கள். நான்கு லெவல் இடைவெளி தானாகவே மூடிக்கொண்டது.

ஆக, புள்ளிகளைச் சமமாகப் பங்கிட்டால் இடைவெளி நிரந்தரம் ஆகாது. ஒரு சில வாரங்களோ மாதங்களோ நீடிக்கும் ஒரு கட்டம் அது. அந்தக் கட்டத்தில் புதியவர் செத்துப்போகாமலும் சலித்துப்போகாமலும் பார்த்துக்கொள்வதுதான் கதை நடத்துபவரின் வேலை. சாவும் சலிப்பும் இரண்டு தனி நோய்கள். மருந்தும் தனித்தனி.

எங்கே உதைக்கிறது

சாவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் பதிப்பின் கணக்குப்படி ஒன்றாம் லெவல் வீரன் வாள் வீசும்போது பகடை எண்ணோடு 5 சேர்க்கிறான் என்றால், எட்டாம் லெவல் வீரன் 8 சேர்ப்பான். 16 என்ற தற்காப்பு உள்ள எதிரியை இளையவன் நூற்றுக்கு ஐம்பது முறை வெட்டுவான், மூத்தவன் அறுபத்தைந்து முறை வெட்டுவான். ஒரு சுற்றில் மூத்தவன் இருமுறை வாள் வீசலாம் என்பதால் அவனால் விளையும் சேதம் அதிகம்தான். ஆனாலும் இளையவனின் வெட்டு வீண் போவதில்லை. அவனால் காரியம் ஆகிறது.

அடி வாங்குவதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எட்டாம் லெவல் வீரனுக்கு 68 உயிர்ப் புள்ளி இருக்கும். ஒன்றாம் லெவல் மந்திரவாதிக்கு 8 இருந்தால் அதிகம். எதிரி மந்திரவாதி ஒருவன் தீக்கோளம் ஒன்றை எறிகிறான். எட்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டல் அதன் சேதம், சராசரி 28. மூத்தவன் முகம் சுளிப்பான், சண்டையைத் தொடர்வான். இளையவன் அந்த இடத்திலேயே சாவான். மயங்கி விழுந்து காப்பாற்றப்படும் வாய்ப்பும் இல்லை, ஏனென்றால் உயிர் போனபின் எஞ்சும் சேதம் அவனுடைய முழு உயிர்ப் புள்ளிக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் உடனடி மரணம் என்பது விதி. பகடை அவன் பக்கம் விழுந்து பாதிச் சேதம் வந்தாலும் 14. அப்போதும் மூர்ச்சைதான். இளையவனுக்குக் கை எட்டுகிறது, உடம்புதான் தாங்கவில்லை.

இதைப் புரிந்துகொண்டால் மருந்து எளிது. எல்லோர் மேலும் ஒரே நேரத்தில் விழும் தாக்குதல்களைத்தான் கதை நடத்துபவர் கவனமாகக் கையாள வேண்டும். தீக்கோளம் வரப்போகிறது என்றால் அதற்கு முன் ஓர் அறிகுறி வரட்டும். எதிரி கை உயர்த்துகிறான், காற்றில் கருகல் வாடை அடிக்கிறது என்று சொன்னால், தூணுக்குப் பின்னால் ஒதுங்கும் முடிவை இளையவனே எடுப்பான். அதையும் மீறி நின்றால் அது அவன் தெரிந்தே ஏற்ற ஆபத்து.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். லெவல்களுக்கு இடையிலான தூரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. ஐந்தாம் பதிப்பு 1 முதல் 4, 5 முதல் 10, 11 முதல் 16, 17 முதல் 20 என நான்கு அடுக்குகளைப் பிரித்துச் சொல்கிறது. ஐந்தாம் லெவலில்தான் வீரனுக்கு இரண்டாவது வாள்வீச்சு வருகிறது, மந்திரவாதிக்குத் தீக்கோளம் கைகூடுகிறது. அதனால் நான்காம் லெவலுக்கும் ஐந்தாம் லெவலுக்கும் உள்ள தூரம், ஐந்துக்கும் ஏழுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். லெவல் எண்ணைக் கழித்துப் பார்த்து இடைவெளியை அளப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பாரதம் காட்டும் வழி

இனி இரண்டாவது நோய்: செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போவது. இதற்கு எந்த அட்டவணையிலும் மருந்து கிடையாது. இங்கேதான் நம் ஊர்க் கூத்து உதவிக்கு வருகிறது.

காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசிப் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதம் வைப்பது வழக்கம். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் கூத்து. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, விராட பர்வம், கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வோர் இரவும் ஒரு கதை. நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடங்கும். கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. நாள்கணக்கில் தொடரும் ஒரு பெருங்கதையை ஓர் ஊரே கூடி வாழ்ந்து பார்க்கும் ஏற்பாடு அது.

அந்தக் கதைக்குள்ளேயே லெவல் கலந்த கூட்டணிகள் நிறைய. விராட பர்வத்தில் உத்தரனை எடுத்துக்கொள்ளுங்கள். விராட ராஜன் மகன், போர்க்களம் பார்க்காத பிள்ளை. கௌரவர்கள் மாடுகளை மடக்கியதும், தேரோட்ட ஆள் இருந்தால் நானே போய் மீட்பேன் என்று அந்தப்புரத்தில் வீரம் பேசுகிறான். தேரோட்ட வருவது பேடி வேஷத்தில் மறைந்திருக்கும் அர்ச்சுனன், பிருகன்னளை. படையைக் கண்டதும் உத்தரன் தேரைவிட்டுக் குதித்து ஓடுகிறான். பிருகன்னளை துரத்திப் பிடித்து வருகிறாள். இருவரும் இடம் மாறுகிறார்கள். உத்தரன் சாரதியாகிறான், வன்னி மரத்தில் ஒளித்துவைத்த ஆயுதங்களை ஏறி எடுத்துத் தருகிறான், அம்பு மழைக்கு நடுவே தேரை ஓட்டுகிறான். வெற்றிச் செய்தி அவன் பெயரில்தான் அரண்மனைக்குப் போகிறது.

இதைக் கதை நடத்துபவரின் கண்ணால் பாருங்கள். இருவரில் ஒருவன் ஒப்பற்ற வீரன், மற்றவன் ஒன்றாம் லெவல். ஆனால் இளவரசன் என்ற அந்தஸ்து இளையவனிடம் இருக்கிறது. படை கிளம்பும் காரணமும் ஊரார் எதிர்பார்ப்பும் அவன்மேல். மூத்தவனுக்கோ தன்னை வெளிக்காட்டக் கூடாது என்ற கட்டு. பலம் ஒருவனிடம், உரிமை இன்னொருவனிடம். ஆகவே இருவரும் ஒருவரையொருவர் நம்பித்தான் ஆக வேண்டும். அந்த இரவின் கூத்தில் உத்தரன் வேஷம் கட்டியவருக்கு வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சிரிப்பும் பயமும் மாற்றமும் அவரிடம்தான்.

அபிமன்யு இன்னும் கூர்மையான பாடம். பதின்மூன்றாம் நாள் போரில் சக்கர வியூகத்தை உடைக்கும் வித்தை தெரிந்த அர்ச்சுனன் வேறு பக்கம் இழுக்கப்பட்டுவிட்டான். அங்கே இருக்கும் பாண்டவர் நால்வருக்கும் அது தெரியாது. பதினாறு வயது அபிமன்யுவுக்கு உள்ளே போகும் பாதி மட்டும் தெரியும். பெரியவர்கள் எல்லோரும் சின்னவன் ஒருவனின் அறிவை நம்பி நிற்கிறார்கள். அவன் மற்றவர்களைவிடப் பலசாலி என்பதால் அந்த முக்கியத்துவம் வரவில்லை. அவர்களிடம் இல்லாத ஒன்று அவனிடம் இருந்தது.

அவன் சாவிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பின்னாலேயே வருகிறோம் என்று சொன்ன பாண்டவர்களை வாசலில் சைந்தவன் மறித்துவிட்டான். துணை அறுந்தது. தனியனைப் பலர் சூழ்ந்து கொன்றார்கள். கேம்பெயின் நடத்துபவர் இளைய பாத்திரத்துக்கு முக்கிய வேலை கொடுத்துவிட்டு, துணையை அறுக்கும் மதிலையும் எழுப்பினால் விளைவு இதுதான். அபிமன்யு வெளியே வரத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அறிந்தே உள்ளே போனான். நம் மேசையில் உட்கார்ந்திருக்கும் புதியவருக்கும் ஆபத்தை முன்கூட்டியே அறியும் உரிமை உண்டு.

குருட்சேத்திரத்தில் போர் தொடங்குமுன் இரு தரப்பும் பேசிக்கொண்ட விதியும் நமக்குப் பயன்படும். தேராளியோடு தேராளி, யானைமேல் இருப்பவனோடு யானைமேல் இருப்பவன், காலாளோடு காலாள் மோத வேண்டும் என்பது அது. ஒரே களத்தில் பல அடுக்குப் போர். டிராகனை எட்டாம் லெவல் வீரர்கள் எதிர்கொள்ளட்டும். அதே நேரத்தில் டிராகனின் ஏவலாட்கள் பாலத்தை அறுக்க வருகிறார்கள், அவர்களை இளையவர்கள் தடுக்கட்டும். பாலம் அறுந்தால் டிராகனை வென்றவர்களும் ஊர் திரும்ப முடியாது என்று வைத்துவிட்டால், எந்த வேலையும் சில்லறை வேலை இல்லை.

ஜமாவுக்குள்ளே

கதையில் மட்டுமல்ல, அதை ஆடும் கூத்துக் குழுவான ஜமாவிலும் இதே பாடம் இருக்கிறது. ஒரு ஜமாவில் பல ஆண்டு அனுபவமுள்ள வாத்தியாரும் இருப்பார், நேற்று சேர்ந்த பையனும் இருப்பான். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் அணிந்து திரைக்குப் பின்னிருந்து பாடி வெளிப்படும் கட்டை வேஷம் எடுத்த எடுப்பில் யாருக்கும் கிடைக்காது. சின்ன வேஷங்களில் தொடங்கிப் படிப்படியாகத்தான் அதற்கு வர வேண்டும். ஆனால் பையன் மேடையில் தனியாக விடப்படுவதில்லை. அவன் ஓர் அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். முகவீணையும் மிருதங்கமும் தாளமும் தாங்குகின்றன. அந்த நேரத்தில் வேஷம் இல்லாத மூத்த நடிகரும் பின்பாட்டில் நின்று அவனுக்குக் குரல் கொடுப்பார்.

பெருங்கட்டூர் ராஜகோபாலும் மற்றக் கூத்துக் கலைஞர்களும் 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002-ல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசந்தாங்கலில் ஒரு குருகுலம் நிறுவியது. ராஜகோபாலும் அவருடைய துணைவியார், ஆய்வாளர் ஹன்னா டி புருயினும் அதை நடத்தினார்கள். பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்ற அந்தப் பிள்ளைகளில், வழக்கமாக ஆண்களே ஆடிவந்த இந்தக் கலையில் முதல் அடி எடுத்துவைத்த பெண் குழந்தைகளும் இருந்தார்கள். வயதும் பயிற்சியும் வேறுபட்ட பிள்ளைகள் ஒரே கூத்தில் சேர்ந்து ஆடினார்கள். தேர்ச்சி சமமானபிறகுதான் சேர்ந்து ஆடலாம் என்று யாராவது விதி போட்டிருந்தால் அவர்கள் தேறியே இருக்க மாட்டார்கள்.

கட்டியங்காரனைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கூத்தில் முதலில் வருபவர் அவர். வந்து நிற்கும் ஒவ்வொரு வேஷத்தையும் யார், எந்த நாடு, என்ன காரியமாக வந்தீர் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் வேஷம் சபையில் நிலைபெறுகிறது. காவலன், தூதன், சேவகன் என்று தேவைப்பட்ட வேஷமெல்லாம் அவரே ஏற்பார். கதை தொய்ந்தால் சிரிக்கவைத்து நிமிர்த்துவார். கேம்பெயின் நடத்துபவர் கற்க வேண்டிய முதல் பழக்கம் அவருடைய கேள்விதான். எட்டாம் லெவல்காரரைக் கேட்கத் தேவையில்லை, அவரே பேசுவார். வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் லெவல்காரரைப் பார்த்து, “இந்தக் கோட்டைக்குள் உன் மாமன் வேலை செய்கிறான் அல்லவா, அவன் உன்னிடம் என்ன சொல்லியிருக்கிறான்?” என்று கேளுங்கள். ஒரே கேள்வியில் அவரிடம் கதையின் சாவி போய்ச் சேர்ந்துவிடும்.

ஆடுபவர் வேறு, பாத்திரம் வேறு

மூன்றில் எஞ்சியிருப்பது ஆடுபவரின் அனுபவம். புதியவருக்கு எட்டாம் லெவல் பாத்திரத்தைக் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். எட்டாம் லெவல் மந்திரவாதியிடம் நான்கு நிலை மந்திரங்கள் இருக்கும். எதை எப்போது பயன்படுத்துவது என்று நூல் புரட்டுவதிலேயே முதல் மாலை போய்விடும். விளையாட்டையே இப்போதுதான் கற்பவருக்குச் சில திறமைகள் மட்டுமே உள்ள சிறிய பாத்திரம் வசதி. மாறாக, பல ஆண்டு ஆடிய ஒருவருடைய பாத்திரம் செத்துவிட்டால், அவர் குறைந்த லெவலில் வந்தும் பிருகன்னளைபோல மேசையைத் தாங்குவார். ஆகவே “எந்த லெவலில் தொடங்குவது?” என்ற கேள்விக்கு ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

இந்தப் பிரிவினையை ஒரு விதிமுறையாகவே வகுத்த விளையாட்டும் உண்டு. ஜோனதன் ட்வீட், மார்க் ரைன்-ஹேகன் இருவரும் 1987-ல் வெளியிட்ட ‘ஆர்ஸ் மேஜிகா’வில் பெரும் மந்திரவாதிகளும், அவர்களுடைய தோழர்களும், சாதாரணக் காவலாட்களும் ஒரே கதையில் வருகிறார்கள். அவர்களுடைய பலம் சமமில்லை, சமமாக்க முயற்சியும் இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு மந்திரவாதியும் ஒரு தோழனும் இருக்க, காவலாட்கள் எல்லோருக்கும் பொது. இன்று ஒருவருடைய மந்திரவாதி முன்னே போனால் மற்றவர்கள் தோழராகவும் காவலாளாகவும் வருவார்கள். அடுத்த கதையில் இடம் மாறும். ஜமாவில் நேற்று துரியோதனன் கட்டியவர் இன்று பின்பாட்டில் நிற்பது போலத்தான்.

நம் பரிந்துரை

இவ்வளவையும் வைத்து ஒரு முறையைப் பரிந்துரைக்கிறோம். ஒரே அடுக்குக்குள் லெவல்கள் கலந்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். மூத்தவர்கள் எட்டாம் லெவலில் இருக்கும்போது புதியவர் வந்தால், அந்த அடுக்கின் முதல் படியான ஐந்தாம் லெவலில் தொடங்கட்டும். ஐந்தாம் பதிப்பின் கணக்கில் மூத்தவர்களிடம் 34,000 புள்ளி, புதியவரிடம் 6,500. ஆளுக்கு 30,000 சேரும்போது அவர்கள் பத்தாம் லெவலிலும் இவர் எட்டாம் லெவலிலும் இருப்பார்கள். இடைவெளி மூன்றிலிருந்து இரண்டாகும். விளையாட்டுக்கே புதியவர் என்றால், இன்னும் கீழே தொடங்கலாமா என்று அவரையே கேட்டு, ஆபத்தையும் சொல்லி, அவர் சம்மதித்தால் தொடங்குங்கள். புள்ளிகளை எப்போதும் சமமாகப் பங்கிடுங்கள். வராத நாளுக்காக யாருடைய புள்ளியையும் வெட்டாதீர்கள்.

இரண்டு அடுக்குக்கு மேல் இடைவெளி இருந்தால் கலக்காதீர்கள். ஒரே மாலையில் முடியும் கதையிலும் கலக்க வேண்டாம், எட்டிப் பிடிக்க அங்கே நேரம் இல்லை. மேசையில் ஒருவருக்கு மனமில்லை என்றாலும் கலக்காதீர்கள். எல்லோரும் ஒரே லெவலில் ஆடுவது தவறே இல்லை, பல குழுக்களுக்கு அதுவே பொருத்தம். அது ஒன்றே நியாயம் என்று வாதிடும்போதுதான் நாம் மறுக்கிறோம். உழைத்து ஏறியவருக்கு அநீதி நடக்கிறது என்ற கவலைக்கும் பதில் உண்டு. ஓராண்டு ஆடியவர் சேர்த்தது லெவல் மட்டும் அன்று. அவருடைய பாத்திரத்துக்கு அந்த உலகில் பெயர் இருக்கிறது, நண்பரும் பகைவரும் இருக்கிறார்கள், கடனும் வாக்குறுதியும் இருக்கின்றன. புதியவரால் இவற்றில் எதையும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இப்படி மூத்தவரையும் புதியவரையும் கலப்பது புதிதாகத் தோன்றக் கூடாது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்த குடவோலை முறையைச் சொல்கின்றன. அந்தச் சபையின் வாசல் மிகக் குறுகலானது. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே அதில் இடம், அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் ஊரின் பகுதிகளான முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்துத் தேர்ந்த முப்பது பேருக்கும் வேலை பிரித்த முறை கவனிக்கத் தக்கது. முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகியோரிலிருந்து பன்னிருவர் ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்கு. மற்றவர்களில் பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கு, அறுவர் ஏரி வாரியத்துக்கு. அனுபவத்துக்கு உரிய இடம் கிடைத்தது. அனுபவம் இல்லாதவருக்கும் உண்மையான பொறுப்பு கிடைத்தது. ஏரியை நம்பி வாழும் ஊரில் ஏரி வாரியம் சின்ன வேலை ஆகுமா?

இந்த விளையாட்டுக்குப் பெரிய செலவும் இல்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் அதை மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம், தமிழிலும் எழுதலாம். இருபது முகப் பகடை கிடைக்காவிட்டால், 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு குடத்தில் போட்டு, எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கி எடுத்தால் போதும், வாய்ப்பு துல்லியமாக அதேதான்.

கிராமத்தில் ஆள் சேர்த்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் கல்லூரி மாணவியும் வேலைக்குப் போகும் இளைஞரும் ஒரே பாயில்தான் உட்காருவார்கள். ஒரே வயது, ஒரே தேர்ச்சி, ஒரே லெவல் என்று காத்திருந்தால் ஆட்டமே தொடங்காது. ஆசிரியர்களும் நூலகர்களும் விடுமுறை நாளில் ஒரு மதியத்தை இதற்கு ஒதுக்கிக் கொடுங்கள். கதை நடத்த முன்வருபவர்கள், தொடங்குமுன் ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இன்றைய கதையில் லெவல் குறைந்த பாத்திரம் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது? அதற்குப் பதில் இருந்தால், மேலே சொன்ன எல்லைக்குள் உங்கள் மேசையில் எத்தனை லெவல் வேண்டுமானாலும் கலந்திருக்கலாம். பதில் இல்லையென்றால், எல்லோரையும் ஒரே லெவலில் உட்காரவைத்தாலும் யாரோ ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.